அம்மன் சல்லி செலவில்லாமல் வீட்டை அலங்கரிப்பது எப்படி?

முதலில் ஒரு பூச்சாடி வாங்குங்கள். வீட்டு அலங்காரக் குறிப்பு எழுதுகிற எல்லாரும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நானும் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் 90 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி ஜாடி வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஜாடிக்குள் நிற்பதற்கு நம் ஊர்ப் பூவுக்குக் காலே கிடையாது. கீரமங்கலம் பூச்சந்தைக்கு வருகிற மல்லிகை, முல்லை, கனகாம்பரம், செண்டிப்பூ, சம்பங்கி எல்லாமே கழுத்தோடு கிள்ளிய உதிரிப்பூ. தொடுப்பதற்கென்றே பறித்தவை. "காம்போட கிடைக்குமா?" என்று கேட்டேன். பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காம்ப வச்சு என்ன தம்பி செய்வீங்க, மாட்டுக்கா?"

ஆகவே முதல் குறிப்பிலேயே ஒரு திருத்தம். ஜாடி வாங்குமுன் கொல்லை வைத்திருக்கிற சிநேகிதர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வடகாட்டுப் பக்கம் ஒருவர் இருக்கிறார். நாலு சம்பங்கித் தண்டும் ஒரு கைப்பிடி செண்டிப்பூவும் கொடுத்தனுப்பினார். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்திரிகைப் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது.

சாயங்காலம் நண்பர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றியவர் ஜாடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். குரல் இறங்கிப்போயிற்று. "என்னப்பா, எப்ப? ஒரு வார்த்தை சொல்லலையே. போன வாரம்கூட ஆத்தா நல்லாத்தானே பேசுச்சு."

"நல்லாத்தான்டா இருக்கேன்" என்று உள்ளேயிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது.

நண்பர் மேல் குற்றமில்லை. நம் வீடுகளில் பூவுக்கு விலாசம் உண்டு. தலைக்குப் போகிற பூ, சாமிக்குப் போகிற பூ, நிலைப்படிக்குப் போகிற பூ, போட்டோவுக்குப் போகிற பூ. இந்த நாலிலும் சேராமல் சும்மா நிற்கிற பூவைப் பார்த்தால் மனசு தானாக நாலாவதைத்தான் நினைக்கும். சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று உங்கள் சொந்தப் போட்டோவின் மேல் ஒரு முழம் மல்லிகையைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். நான் செய்தேன். அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சுற்றிப்போட்ட மிளகாயின் நெடி மூன்று நாள் ஹாலில் நின்றது. அறைக்கு நறுமணம் சேர்ப்பது எப்படி என்ற தலைப்பை அதனால் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பூ மலிவாக வாங்க வேண்டுமா? பஞ்சாங்கத்தைப் பாருங்கள், முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாளும் பொங்கலுக்கு முதல் நாளும் மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டி ஓடும், நாம் பின்னால் ஓட முடியாது. மாசியில் திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், பங்குனியில் நார்த்தாமலையில் பூச்சொரிதல். அந்த நாட்களில் ஆசையையே விட்டுவிடுவது நல்லது. ஊர்ப் பூவெல்லாம் தட்டிலும் கூடையிலும் வண்டியிலும் ஏறி ஒரே விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். விசேஷம் எதுவும் இல்லாத வாரத்தில் நிலைமை தலைகீழ். பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செண்டிப்பூவையும் சம்பங்கியையும் மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டிவிட்டுப் போன நாட்களும் உண்டு. செலவில்லாத மலர் அலங்காரம் என்று எழுதுகிறவர்கள் அந்தக் குப்பைமேட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும். மாவட்டத்திலேயே அத்தனை வண்ணமான இடம் வேறு இருக்காது. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து பறித்தவர்களுக்கு அந்த வண்ணம் ரசிக்குமா என்று நான் கேட்கவில்லை.

முழக்கணக்கில் வாங்குவதானால் கை நீளமான பூக்காரம்மாவாகப் பாருங்கள். இதைவிடப் பயனுள்ள குறிப்பு இந்தக் கட்டுரையில் வரப்போவதில்லை.

அடுத்தது நிறம். முன்பெல்லாம் இதற்கு அறிவுரை தேவைப்படவில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினால் அது தானே கொதிக்கும், பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. ஆறியதும் வடிகட்டி, வெள்ளை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம், சுவரைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் வஜ்ரம். மட்டையால் இரண்டு பூச்சு. கீழே முழங்கால் உயரத்துக்குக் காவிப்பட்டை. காவியை அழகுக்காக அடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செம்மண் பூமியில் மழை தெறித்தால் சுவரின் கீழ்ப்பாதி எப்படியும் காவியாகிவிடும். மழையை முந்திக்கொண்டு நாமே அடித்துவிட்டால் அழுக்குக்கு அலங்காரம் என்று பெயர்.

இப்போது நிற அட்டை வந்துவிட்டது. கடைக்காரர் கொடுத்ததில் ஒரு கட்டத்துக்குப் 'பாலைவன அந்தி' என்று பெயர். வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்குச் சுவரில் வேறு பாலைவனம் எதற்கு? அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கினார். "இது ரேஷன் கடைப் பச்சை. இது பள்ளிக்கூடத்து மஞ்சள். இது நீர்மோர்ல ஊறுன கருவேப்பிலை." பெயின்டரிடம் அட்டையின் பெயரைச் சொன்னபோது விழித்தவர், அப்பத்தா வைத்த பெயரைச் சொன்னதும் சரியான டப்பாவை எடுத்துவந்தார். ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் அப்பத்தா பெயர் சொல்லவில்லை, சட்டென்று புரட்டிவிட்டார். நல்ல பளிச்சென்ற நீலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓட்டையும் கீற்றையும் அள்ளிக்கொண்டு போனபின் எங்கள் பக்கத்து வீடுகளின் மேல் மாதக்கணக்கில் கிடந்த தார்ப்பாயின் நீலம். ஊர் முழுக்க ஒரே நிறக் கூரை. அலங்கார நிபுணர்கள் இதைப் பெரிதாகப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் ஒரு வாளிகூடக் கிடையாது.

கூரையின் உட்புறத்திலும் வண்ணம் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் வேலையைத் தொடங்குமுன் சித்தன்னவாசல் வரை போய்வரலாம். அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. யானை, எருமை, மீன், அன்னம், இடையே தாமரை பறிக்கிற ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டு வேலை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி. ஏறக்குறைய எங்கள் வீட்டுப் பொங்கல் சரக்குதான். நீலத்துக்கு மட்டும் லாபிஸ் லசூலி என்ற விலையுயர்ந்த கல்லை அரைத்திருக்கிறார்கள். எந்த வீட்டு வேலையிலும் ஓரிடத்தில் கை மீறத்தான் செய்யும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன். அந்தச் செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார். என் வீட்டுக்குப் பூச்சுவேலை செய்தவர் சுவரில் பெயர் எழுதச் சொன்னபோது கூச்சப்பட்டார். இரண்டே மழையில் காரணம் விளங்கியது.

அந்தக் குளத்தில் பூப்பறிப்பவர்கள் யார்? தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கச் சமவசரணத்துக்குப் போகும் வழியில் இறங்கிய பவ்யர்கள் என்று அறிந்தவர்கள் விளக்குகிறார்கள். ஆக அந்தத் தாமரைக்கும் விலாசம் இருக்கிறது. டிவி பக்கத்தில் வைப்பதற்காக அங்கே யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. (அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும். கழுத்துக்குத் தைலம் கையோடு கொண்டுபோவது நல்லது.)

பழைய பொருள்களால் வீட்டை அழகாக்குங்கள் என்பது இப்போது எல்லாரும் சொல்கிற யோசனை. அதற்கு நம் மாவட்டத்துக்காரர்கள் எங்கும் அலைய வேண்டாம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு என்று நகரத்தார் ஊர்கள் திருமயம் பக்கமே இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்தால் இழைத்த சுவர். அந்தச் சுவர் மேல் ஆசைப்பட்டு ஒரு அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டைக்கடைக்காரர் என்னைக் கல்யாண சமையல் காண்ட்ராக்டர் என்று நினைத்துக்கொண்டார். வாடாத பூதான் வேண்டுமென்றால் ஆத்தங்குடிப் பூக்கல்லைத் தரையில் பதிக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே செய்கிற கல் அது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கப் பளபளப்புக் கூடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் படிக்கவும்.

பழைய சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பேர்போனது. அங்கே போகிறவர்கள் அப்பத்தாமார்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவது உத்தமம். எங்கள் அப்பத்தா ஒரு காலத்தில் தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் மூன்று எனாமல் தூக்குச்சட்டிகளைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியவர். போன வருஷம் அதே மாதிரித் தூக்குச்சட்டி ஒன்றைப் பழம்பொருள் கடையில் பார்த்தேன். விலையைக் கேட்டு வந்து, அடிவயிறு கலங்க அவரிடம் சொன்னேன். அப்பத்தா அசரவில்லை. "கொடம் இன்னும் ஒழுகலடா" என்றார்.

கையில் அம்மன் சல்லிகூட இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. அம்மன் சல்லி என்றால் ஒரு பக்கம் பிருகதாம்பாளும் மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தும் பொறித்த சின்னஞ்சிறு செம்புக்காசு, எங்கள் தொண்டைமான் சமஸ்தானத்துக் காசு. சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்தியாவோடு இணைந்தது, காசு பேச்சில் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் காசும் இல்லாதவர்கள் ஆடி, ஆவணி வரை பொறுங்கள். மொய் விருந்து நடக்கும், காதணி விழா நடக்கும், ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் நிற்கும். விருந்து முடிந்த மறுநாள் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மழை தாங்கும், வெயில் தாங்கும், நிறம் கண்ணைக் குத்தும். எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு இரண்டு வருஷமாக அதுதான் படுதா. மொய் விருந்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று கைகூப்பி மாட்டை வருக வருக என்கிறார்கள். மாடு இதுவரை மொய் எழுதவில்லை.

செயற்கைப் பூ வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், 30 அடியைத் தாண்டிய குதிரை ஒன்று நிற்கிறது. மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். கழுத்தில் போட்டால் தரை வரை வருகிற மாலை. தோளில் தூக்க முடியாது, வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். நேர்ந்துகொண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்து சாத்தச் சாத்தக் குதிரையின் உடம்பே மாலைக்குள் மறைந்துபோகும். வண்ணத்தாளில் இத்தனை வேலை செய்யக்கூடிய கைகள் இருக்கிற ஊரில், எந்த வீட்டு ஹாலிலும் அப்படி ஒரு மாலை தொங்கி நான் பார்த்ததில்லை. ஒன்று வாங்கி எங்கள் மொட்டைமாடியிலிருந்து தொங்கவிடலாமா என்று யோசித்தேன். பாதி மாலை தெருவில் கிடக்கும். மேலும், பூ காகிதத்தில் செய்ததாக இருந்தாலும் அது யாருக்கு என்று ஒருவர் கேட்டால் பதில் வேண்டும். "குதிரைக்கு" என்று சொல்லத் தைரியம் வரும். "சுவருக்கு" என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பதிலைத் தேடித்தான் ஜாடி ஒரு மாதம் பரணில் கிடந்தது. ஆயுத பூஜையன்று கண் திறந்தது. மிக்ஸிக்குப் பூ, கேஸ் அடுப்புக்குப் பூ, மோட்டார் பம்புக்குப் பூ, என் பைக்குக்குப் பூ. வந்தவர்கள் ஒருவர்கூடக் குரலைத் தாழ்த்தி எப்போது என்று கேட்கவில்லை. பொரிகடலையை வாங்கிக்கொண்டு போனார்கள். நன்றாகக் கவனித்தேன். எல்லாவற்றிலும் பூவுக்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் ஏறியிருந்தன. பொட்டு வைத்துவிட்டால் அந்தப் பொருள் பூவுக்கு விலாசமாகிவிடுகிறது. அது டிவி ரிமோட்டாக இருந்தாலும் சரி.

அன்றிரவே ஜாடியை இறக்கிக் கழுவி, வயிற்றில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். வடகாட்டுச் சிநேகிதரிடமிருந்து மறுபடி நாலு தண்டு சம்பங்கி. அதே இடம், டிவிக்குப் பக்கத்தில்.

அதே நண்பர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, ஜாடிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா சீரியல் பார்க்க வந்தால் இப்போது காலை மடக்கித்தான் உட்காருகிறார். வெள்ளிக்கிழமை அப்பத்தா அதற்கு ஒரு அகல் ஏற்றினார். என்ன சாமி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூ வாடியதும் தண்ணீரைக் கொட்டினேன். ஜாடியின் அடியில் ஒரு பத்து ரூபாய்க் காசும் மூன்று ஒரு ரூபாய்க் காசுகளும் கிடந்தன. இதே வேகத்தில் போனால் இன்னும் ஆறு வெள்ளிக்கிழமையில் ஜாடியின் விலை வந்துவிடும்.