நூற்றுக்கு மேல் மார்க் கேட்ட வெந்நீர்

இயற்பியல் பரீட்சையில் ஹீட்டர் ஃபெயிலாகவே முடியாது. பல்பு வெளிச்சம் தரச் சொன்னால் பெரும்பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். மோட்டாரைச் சுற்றச் சொன்னால் உடம்பு கொதிக்கும். ஹீட்டருக்கு அந்த வசதி இல்லை. கேட்டதும் சூடு, வீணாவதும் சூடு. பெங்களூர் சிக்பேட்டை மலிவு ராடும் சரி, பளபளக்கும் கீசரும் சரி, தின்ற மின்சாரத்தை அப்படியே சூடாகக் கக்கிவிடும். நூற்றுக்கு நூறு. மனித குலம் இதோடு நிறுத்தியிருக்கலாம்.

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பான்ஸ், மார்ட்டின் ஃபிளைஷ்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள், ஆய்விதழில் கட்டுரை வருவதற்குள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவிட்டார்கள். கனநீரில் பல்லேடியத்தை முக்கி மின்சாரம் பாய்ச்சினோம், கொடுத்ததைவிட அதிகச் சூடு வந்தது, உள்ளே நடப்பது அணுக்கரு இணைவு என்றார்கள். சூரியனின் வயிற்றுக்குள் ஒன்றரைக் கோடி டிகிரியில் நடக்கிற சங்கதி, மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவையில்! அதற்காகவே ராட்சத எந்திரங்களோடு பல்லாண்டு மல்லுக்கட்டிய இயற்பியலாளர்களின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா?

உலகம் கனநீருக்கு அலைந்தபோது நம்மவர்களுக்கு அது வீட்டுச் சரக்கு. நம் அணு உலைகள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. அய்யங்காரும் எம். ஸ்ரீனிவாசனும் களமிறங்கினார்கள். அய்யங்கார் 1974 பொக்ரான் அணு வெடிப்பில் முக்கியப் பங்கு வகித்தவர். பாலைவனத்தை ஆட்டியவருக்குக் குடுவை எம்மாத்திரம்? இணைவுக்குச் சாட்சியாக நியூட்ரான் கண்டோம், டிரிட்டியம் கண்டோம் என்று அந்த ஆண்டே மும்பையிலிருந்து அறிக்கை வந்துவிட்டது.

மே மாதம் பால்டிமோரில் இயற்பியலாளர்கள் கூடிய கூட்டத்தில் கால்டெக் பல்கலைக்கழகத்தின் நேத்தன் லூயிஸ் எழுந்து, எந்த மாமியாரும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: சரியாகக் கலக்கினீர்களா? ராடு போட்ட வாளியில் மேல்தண்ணீர் கொதிக்கும், அடித்தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். தெர்மாமீட்டரை எங்கே வைக்கிறோமோ அதுதான் கண்டுபிடிப்பு. இன்னொரு ஓட்டையும் உண்டு. மின்சாரம் கனநீரைப் பிரித்து வாயுவாக்கும்; அந்த வாயுவோடு போகிற ஆற்றலைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். வாயுக்கள் குடுவைக்குள்ளேயே சத்தமில்லாமல் மறுபடி சேர்ந்துகொண்டால், கழித்த சூடு திரும்பி வந்து லாபம் போலக் காட்சி தரும். ஆனால் எதிர்ப்பாளர்களின் ஆகப் பெரிய ஆதாரம், பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவர் ஆரோக்கியமாக இருந்தது. சொன்ன அளவுக்கு இணைவு நடந்திருந்தால் நியூட்ரான் மழையில் அவர் செத்திருக்க வேண்டும். பட்டம் வாங்க உயிரோடு இருந்ததே குற்றமாகப் போயிற்று.

அந்த நவம்பரில் அமெரிக்க அரசின் நிபுணர் குழு உதட்டைப் பிதுக்கியது. தொண்ணூறுகளில் மும்பையும் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் பெங்களூருக்கு என்ன மரியாதை? இந்திய அறிவியல் கழக வளாகத்தில், மரநிழலில், தேசிய உயர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர், பொக்ரானின் இன்னொரு நாயகரான ராஜா ராமண்ணா. 2008இல் அந்த நிறுவனம், குளிர் இணைவு என்று பெயர் வாங்கிவிட்ட இந்தக் குடுவை ஆராய்ச்சியைத் தூசிதட்டி எடுங்கள் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. வளாகத்தை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்திருக்கலாம். மொட்டை மாடிகளில் சூரிய வெந்நீர்த் தொட்டிகள் இணைவில்தான் ஓடிக்கொண்டிருந்தன, உலை மட்டும் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி.

2011 பிப்ரவரியில் குளிர் இணைவுக்கான உலக மாநாடு சென்னையிலேயே கூடியது. அதற்கு முந்தைய மாதம்தான் இத்தாலியின் பொலோன்யாவில் ஆந்த்ரேயா ரோசி என்பவர் ஒரு பெட்டியைக் காட்டி, போட்டதைப்போல் பல மடங்கு சூடு வருகிறது என்றிருந்தார். உள்ளே நிக்கல் பொடியோடு வேறென்ன இருக்கிறது என்பது ரகசியம். ரகசிய மசாலா என்றால் விடுவார்களா? உலகெங்கும் கராஜ்களில் அமெச்சூர்கள் நிக்கல் பொடியோடு உட்கார்ந்தார்கள்.

2015இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் 33 கட்டுரைகளோடு இதற்கென்றே சிறப்புப் பகுதி போட்டது. அதே ஆண்டில் கூகுள் பணம் கொடுத்து, இதைச் சோதிக்கச் சுமார் 30 ஆய்வாளர்களை உட்காரவைத்தது. கவனமாகக் கலக்கி, கவனமாக அளந்து, 2019இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் சொன்னது: ஆதாரம் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நூற்றுக்கு முந்நூறு வாங்கும் வெந்நீர் எந்திரம் கடையிலேயே கிடைக்கிறது. 1852இல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் வழி சொல்லிவிட்டார்: சூட்டை உண்டாக்காதே, வெளிக்காற்றிலிருந்து திருடு. ஃபிரிட்ஜைத் திருப்பிப்போட்ட வேலைதான். மின்சாரம் திருடனுக்குக் கூலி மட்டும். ஒரு யூனிட் கூலிக்கு இரண்டு யூனிட் சூட்டைத் தூக்கி வந்துவிடுவான்; கூலியும் சூடாகவே சேர, மொத்தம் மூன்று. ஹீட் பம்ப் என்று பெயர். ஹோட்டல்களும் ஹாஸ்டல்களும் மாடியில் மாட்டிக்கொண்டு கரண்ட் பில்லில் மிச்சம் பிடிக்கின்றன. பத்திரிகைக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை.