நெட்டையனுக்கு ஆகாத பந்தல்

கொடைக்கானல் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு என்பது, மலைப்பாதையில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளும் ஊர். இலக்கியக்காரர்களுக்கு ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா ஊர். எனக்கோ, கல்லூரி நண்பன் வீட்டில் மூன்று வேளையும் சோறு போடும் ஊர். அந்தச் சோற்றுக்கு ஒருநாள் கணக்குக் கேட்பார்கள் என்று நினைத்ததே இல்லை. "காலையில பழம் வெட்டு இருக்கு. நீயும் வாடா, சும்மாதானே கெடக்க" என்றான்.

வீடுதான் வத்தலக்குண்டில். தோட்டம் கொடைரோடு பக்கம், சிறுமலை தெரிகிற இடத்தில். பன்னீர் திராட்சை.

நான் பார்த்த திராட்சை அறுவடையெல்லாம் வெளிநாட்டுப் படங்களில்தான். தொப்பி வைத்த பெண்கள் பெரிய தொட்டிக்குள் இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே பழத்தை மிதிப்பார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராகத்தான் போனேன். இங்கே பழத்தை மிதித்தால், மிதித்தவனை மிதிப்பார்களாம்.

படத்தில் கொடி இடுப்பளவு நிற்கும். நம் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலில் படர விடுகிறார்கள். பந்தல் போட்டவர் பழம் வெட்டும் பெண்களை மனதில் வைத்து உயரம் பார்த்திருக்கிறார். ஆறடி ஆளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நிமிர்ந்தால் கம்பி மண்டையில் இடிக்கும். குனிந்தால் பழம் தெரியாது. முழங்காலை மடக்கி, கழுத்தை மட்டும் மேலே திருப்பி நின்றால்தான் வேலை ஓடும். "கொக்கு ஒண்ணு வந்திருக்குடி" என்று அடுத்த வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஒரு பெரியம்மா என் கையில் கத்திரியைக் கொடுத்து, "காம்பைப் புடிச்சு வெட்டுங்க தம்பி, பழத்துல கை படக்கூடாது" என்றார். பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதைப் பூச்சிமருந்து என்று நினைத்து நாம் வீட்டில் தேய்தேய் என்று தேய்க்கிறோம். பெரும்பாலும் அது பழம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. விரல் பட்டு அது அழிந்தால் பழம் நேற்றையது மாதிரி தெரியும், விலை இறங்கிவிடும். அதனால் கொத்தைக் காம்பில் தொங்கவிட்டபடியே, வெடித்த பழம், பிஞ்சு, குளவி ஓட்டை போட்டது எல்லாவற்றையும் கத்திரி முனையால் நறுக்கித் தள்ள வேண்டும். பெரியம்மா தன் மருமகள் மேல் உள்ள வழக்கைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெட்டி நிரம்பிவிட்டது. நான் இன்னும் முதல் கொத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தேன்.

நண்பன் பழத்தைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருந்து, வெட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். பயந்து முன்கூட்டியே வெட்டவும் வழியில்லை. மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம்; திராட்சை அதற்கெல்லாம் மசியாது. கொடியை விட்டு இறங்கிய பிறகு ஒரு துளி இனிப்பு ஏறாது.

இதற்கிடையே செவட்டை நோய், சாம்பல் நோய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவையின் கதையை அவனுக்குச் சொன்னேன். பிரான்சில் போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் இதைத் தெளித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வராததைக் கவனித்த மிலார்டே என்ற பேராசிரியர் 1885இல் அதையே மருந்தாக்கிவிட்டார். திருடனுக்கு வைத்தது பூஞ்சாணத்துக்குப் பலித்தது.

"திருடனைச் சமாளிச்சிரலாம்டா. வியாபாரிக்கு ஏதாச்சும் கலவை இருக்கா?" என்றான்.

பத்து மணிக்கு வியாபாரி வந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டு, "புளிப்பு நிக்குதே" என்றார். கதையில் வரும் நரிக்காவது பழம் எட்டவில்லை. இவர் புளிக்குது, புளிக்குது என்று சொல்லிக்கொண்டே அரைக் கொத்தைக் காலி செய்தார். பெட்டி எடைக்குக் கொஞ்சம் கழித்தார். ஓடைப்பட்டியிலிருந்து விதையில்லாப் பழம் வந்து குவிகிறது என்றார். கடைசியில், "இது என்ன கம்பம் பழமா?" என்று ஒரு போடு போட்டார்.

அது வலிக்கிற இடம். 2023இல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கம்பத்தின் பெயரில். திண்டுக்கல் மாவட்டத்தில் பூட்டு வாங்கிவிட்டது, கொடைக்கானல் பூண்டு வாங்கிவிட்டது, பழனி பஞ்சாமிர்தமும் வாங்கிவிட்டது. எங்கள் பந்தல் பழம் மட்டும் பட்டமில்லாமல் தொங்குகிறது. "கம்பத்துக்குப் போனா, இது கொடைரோட்டுப் பழமான்னு கேப்பாரு" என்று நண்பன் முணுமுணுத்தான்.

விளைவித்தவனுக்கு விலை சொல்லும் உரிமை இல்லாத தொழில்கள் எனக்குத் தெரிந்து இரண்டு: ஒன்று திராட்சை, இன்னொன்று எழுத்து. செல்லப்பா தன் 'எழுத்து' வெளியீடுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நண்பனும் அந்த வழிக்கே வந்தான். பாதிப் பெட்டிகளை வியாபாரிக்குக் கொடுக்காமல், ரோட்டோரம் கடை போட்டிருக்கும் சித்தியிடம் அனுப்பிவிட்டான். எனக்குக் கூலியாக ஒரு தூக்குவாளி நிறைய உதிரிப் பழம் கிடைத்தது. கழுத்துக்குத் தைலம் நானே வாங்கிக்கொண்டேன்.

கொடைரோடு பக்கம் போனால் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ வாங்குங்கள். ருசி பார்க்கிறேன் என்று கொத்திலிருந்து பழத்தைப் பிய்க்காதீர்கள். உதிரி தனியாக இருக்கும், கேட்டால் சித்தி கை நிறையத் தருவார். புளிக்கிறது என்று மட்டும் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்.