கொடுவாவுக்குச் சோம்பு பிடிக்குமா?

தூண்டில் கடையில் சாஃப்ட் பிளாஸ்டிக் தொங்குகிற சுவருக்கு முன்னால் நிற்கும் ஆண்களை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். மனைவிக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போன இடத்தில், "எல்லாம் ஒண்ணுதானேம்மா, ஏதாவது ஒண்ணை எடு" என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடி உட்கார்ந்த அதே ஆட்கள்தான். இங்கே மட்டும் பாக்கெட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "இந்தப் பச்சையில மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு. இதே மாடல்ல ஒரு ஷேடு கம்மியா காட்டுங்களேன்" என்பார்கள். கடைப் பையனும் சலிக்காமல் எடுத்துப் போடுவான். குடிக்க மோர் மட்டும் கொடுத்துவிட்டால் தி.நகர்தான்.

அந்தச் சுவருக்கு முன்னால் வழக்கமாக நிற்கிறவர்களில் நானும் ஒருவன். கோவளம் முகத்துவாரத்திலும் முட்டுக்காடு கழியிலும் கொடுவா பிடிக்கும் ஆசை உள்ளவன். ஆசை என்று சொன்னால் போதும். மேற்கொண்டு விவரம் கேட்கக் கூடாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாஃப்ட் பிளாஸ்டிக் என்பது மூன்று நான்கு அங்குல நீளத்தில் கொழகொழவென்று இருக்கும் பொய் மீன். பொய் இறாலும் உண்டு, பொய்ப் புழுவும் உண்டு; எங்கள் பேச்சில் எல்லாமே ரப்பர். பி.வி.சி.யோடு இளக்கும் எண்ணெயைக் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றி எடுப்பது. 1949-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் நிஜப் புழுவை வைத்து அச்செடுத்து, வீட்டிலேயே பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்து கிளம்பியது இந்தத் தொழில். அந்த அம்மாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். புருஷன் வீட்டுக்குள் பிளாஸ்டிக் காய்ச்சுகிறேன் என்கிறான், கூடவே நின்றிருக்கிறார். எங்கள் வீட்டில் பாக்கெட்டைப் பிரிப்பதற்கே மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

காரணம், வாசனை. பல கம்பெனிகள் இந்த ரப்பரில் உப்பும் வாசனை எண்ணெயும் சேர்க்கின்றன. ஒன்றில் சோம்பு மணக்கும், ஒன்றில் பூண்டு. நம் கைவாசனையை மறைக்கும், கடித்த மீன் துப்பாமல் இன்னும் அரை விநாடி வாயில் வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே துணி காயப்போட வந்த என் மாமியார் ஒருமுறை மோப்பம் பிடித்துவிட்டார். அவர் தரங்கம்பாடிப் பக்கம்.

"என்ன மாப்ள, சோம்பு வாசம் வருது?"

"மீனுக்குப் பிடிக்கும்னு சேர்க்கறாங்க அத்தை."

"மீன் குழம்புக்கே நாங்க சோம்பு போட மாட்டோம். இவங்க மீனுக்கே போடறாங்களா?"

"பூண்டு போட்டதும் இருக்கு."

"அப்ப புளியை மட்டும் கரைச்சு ஊத்திட்டா அங்கேயே குழம்பாயிடும். நீங்க தட்டு எடுத்துட்டுப் போனா போதும்."

இந்த ரப்பர்களுக்குள்ளும் சம்பந்தம் செய்துகொள்ளாத குடும்பங்கள் உண்டு. சாதாரண பி.வி.சி. ரப்பரையும், நன்றாக இழுபடுகிற புதுவகை ரப்பரையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால், இரண்டும் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, எது தலை எது வால் என்று தெரியாத ஒரு பிராணியாகிவிடும். ஆகவே வாங்கின பாக்கெட்டிலேயே தனித்தனியாக வைத்திருப்பது நல்லது. இதைக் காரணம் காட்டி அலமாரியில் இன்னொரு தட்டையும் கேட்டு வாங்கலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசத் தடை, மதம் பேசத் தடை. நிறம் பேசத் தடையில்லை என்பதால் சண்டை முழுவதும் அதில்தான். தண்ணீர் தெளிவாக இருந்தால் மடவைக் குஞ்சு போல வெளிறிய, ஒளி ஊடுருவுகிற நிறம். மழை பெய்து கலங்கிக் கிடந்தால் ஒன்று, உருவம் தெரியும்படி கறுப்பு. இல்லையென்றால் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் பச்சை. நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்ற நிறங்களெல்லாம் சுவருக்கு முன்னால் நிற்கிற ஆண்களுக்காகப் படைக்கப்பட்டவை.

மீன் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கிற சாமான் ஒன்று கடையில் கீழ்த்தட்டில், தூசி படிந்து, யாரும் குனிந்து பார்க்காமல் கிடக்கும். ஜிக் ஹெட். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக்குண்டு வார்த்தது. பார்க்க அழகில்லை, வாசனை இல்லை, பெயர்கூட இல்லை. ஐந்து கிராம், ஏழு கிராம், பத்து கிராம் என்று எடையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ரப்பர் தரையைத் தொடுகிறதா, எவ்வளவு நேரம் அந்தரத்தில் மிதந்து இறங்குகிறது என்பதெல்லாம் இந்த ஈயத்தின் கையில் இருக்கிறது. இடுப்பளவுத் தேங்கிய நீரில் ஐந்து கிராம் போதும். பாலத்துக்குக் கீழே வற்று நீர் இழுத்துக்கொண்டு ஓடும்போது அதே ஐந்து கிராமைப் போட்டால் ரப்பர் மேலாகவே மிதந்து கடலுக்குப் போகும்; பதினான்கு தேவைப்படும். தரையைத் தொடுகிற அளவுக்குக் கனம், அதற்குமேல் ஒரு கிராமும் வேண்டாம் என்பது விதி. இத்தனை முக்கியமான சங்கதிக்காக எங்கள் குழுவில் இதுவரை ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு வெளியேறியதில்லை.

முள்ளில் கோப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். முள்ளை ரப்பரின் பக்கத்தில் வைத்து அளந்து, வெளியே வர வேண்டிய இடத்தை நகத்தால் குறித்துக்கொண்டு, நடுமுதுகில் நேராக வெளியே எடுக்க வேண்டும். கோணலாகக் கோத்தால் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றித் தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். நிஜ மீன் எதுவும் சுற்றிக்கொண்டே நீந்துவதில்லை என்பது கொடுவாவுக்கும் தெரியும்.

வால் விஷயத்தில் இரண்டு கட்சி. துடுப்பு வால், சுருள் வால். துடுப்பு வால் இழுக்கும்போது பட்பட்டென்று அடித்துக்கொள்ளும். அந்த அதிர்வைக் கலங்கிய நீரிலும் மீன் தன் பக்கவாட்டு உணர்கோட்டால் தெரிந்துகொள்ளும். சுருள் வால் மெதுவாக இறங்கும்போதும் சும்மா இராமல் நெளியும். எந்த வாலாக இருந்தாலும் கடைசியில் பேத்தை மீனுக்குத்தான் சேரும். பேத்தை என்பது கோபம் வந்தால் பந்தாக உப்பிக்கொள்கிற மீன். அதன் பல், கிளியின் அலகு மாதிரியான வெட்டுக்கத்தி. நரம்பில் ஒரு சின்னத் தட்டல் தெரியும். இழுத்துப் பார்த்தால் வால் இருந்த இடம் மூளியாக நிற்கும். வெட்டு அவ்வளவு சுத்தம். நிறம், வாசனை எதையும் பார்க்காத ஒரே வாடிக்கையாளர் அதுதான். நாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கிய அத்தனை ஷேடையும் ஒரே தரமாக மதித்துக் கொறிக்கிறது.

கொடுவா சாப்பிடுகிற முறை வேறு. அது கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைத் திடீரென்று அகலத் திறந்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அதனால்தான் நரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். வீசி, தரை தட்டும்வரை விட்டு, ராடை இரண்டு தரம் உயர்த்தி, பிறகு ரப்பரை மறுபடியும் இறங்கவிட்டு, சும்மா இருக்க வேண்டும். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழும். மொத்த வித்தையும் இந்தச் சும்மா இருப்பதில் அடங்கியிருக்கிறது.

அது நம்மால் ஆகிற காரியமா? சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கிற ஊரிலிருந்து வருகிறோம். லிஃப்ட் பொத்தானை ஒருதரம் அழுத்தினால் போதாது என்று நம்புகிறவர்கள். ரப்பர் இறங்குகிற மூன்று நொடிக்குள் கை தானாக ரீலைச் சுற்றிவிடும், அல்லது பாக்கெட்டில் போன் அதிரும். கொடுவா வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வாகனக் கடன் வேண்டுமா என்று யாரோ கேட்பார்கள்.

இதில் மனம் நோகிற செய்தி ஒன்று உண்டு. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. கொடுவாவைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கவைத்து 1997-இல் சாதித்துக் காட்டிய நிறுவனம் அது. பண்ணையில் வளர்கிற கொடுவா உருண்டைத் தீவனத்தைக்கூடச் சாப்பிடப் பழகிக்கொள்கிறது. கண் இல்லை, வால் இல்லை, துடிப்பு இல்லை. அதைப் போட்டால் பாய்ந்து வந்து தின்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் முப்பரிமாணக் கண்ணும் செதிலும் சோம்பு மணமும் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

நேரம் பார்ப்பது தனிக்கலை. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் நீருக்கு ஓட்டம் இல்லை, மீனுக்கும் சுறுசுறுப்பில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டபின் ஓதம் ஏறி இறங்கத் தொடங்கும். வற்று நீர் இறால் குஞ்சையும் மடவைக் குஞ்சையும் கடல்பக்கம் அடித்துக்கொண்டு வரும்போது, கொடுவா பாலத்துத் தூணின் மறைவில் ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். சென்னைக் கரையில் ஓதத்தின் உயர வித்தியாசமே ஒரு மீட்டர் அளவுதான். அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நன்றாக இழுக்கும். ஆகவே நான் காலண்டரில் அமாவாசைக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து என் மாமியாருக்கு என்மேல் மரியாதை கூடியது, காரணம் தெரியும்வரை. தெரிந்தபின், "அமாவாசை அன்னிக்கு வீட்டுக்குள்ள மீன் வரக் கூடாது மாப்ள" என்று சட்டம் போட்டுவிட்டார். மீன் கிடைக்கத் தோதான நாளில் அடுப்படிக்குத் தடை. அடுப்படிக்குத் தடையில்லாத நாளில் கழியில் ஓட்டமில்லை. இந்தச் சட்டத்தை மீறும்படியான நெருக்கடி இன்னும் எழவில்லை.

மீன் இல்லாவிட்டாலும் தூண்டிலில் வேறு சில மாட்டுவதுண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. கழியின் அடியில் தூண்டில் போட்டுப் பார்த்தால் அந்தத் தேதிக்கு முந்தைய பையும் வரும், பிந்தைய பையும் வரும். தண்ணீர் நிரம்பிய பை ஓட்டத்தில் இழுக்கிற இழுப்பு, நல்ல கொடுவாவின் இழுப்புக்குக் குறைந்ததல்ல. ரீலில் டிராக் கிறீச்சிடும், பாலத்தில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். என் பிளாஸ்டிக் தன் உறவைக் கூட்டிக்கொண்டு கரையேறும். மரியாதையாக அதைச் சுருட்டி எடுத்துவந்துவிட வேண்டும். பேத்தை தின்ற மிச்ச ரப்பரையும் அறுந்த நரம்பையும் அங்கே விட்டுவிட்டு வந்தால், பை வீசியவனைத் திட்ட நமக்கு வாயிருக்காது.

நிஜக் கொடுவாவே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதிருஷ்டம் சொல்லிவிட்டு வருவதில்லை. அதன் செவுள் மூடி பிளேடு. விரலை விடக் கூடாது. நரம்பின் நுனியில் தடித்த லீடர் கட்டுவதும் இதனால்தான். கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகிற மீன். நாலைந்து கிலோவைத் தாண்டியவை பெரும்பாலும் முட்டையிடுகிற தாய்கள். ஆகவே சின்னதை வளரட்டும் என்று விட வேண்டும், பெரியதைப் பெறட்டும் என்று விட வேண்டும். நடுத்தரத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். வருமான வரிக்குப் பிறகு நடுத்தரத்தைக் குறிவைக்கிற இன்னொரு சட்டம் இது. ஆனால் இதில் நியாயம் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு சுருக்கமானது. வெளிறியதில் ஒன்று, கறுப்பில் ஒன்று, நான்கு அங்குலத் துடுப்பு வால். ஜிக் ஹெட் ஐந்து, பத்து, பதினான்கு கிராமில் கொஞ்சம் கொஞ்சம். சுவரைப் பார்க்காமல் கீழ்த்தட்டைப் பார்த்தே நடந்து, பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இந்தச் சிபாரிசை நான் எங்கள் குழுவிலும் வைத்தேன். யாரும் மதிக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குத்தான் உறுப்பினர் ஒருவர் பெரிய கொடுவா ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டிருந்தார். எந்த நிறம், என்ன வால், எந்த வாசனை என்று கேள்விகள் குவிந்தன. அவரும் அயராமல் பதில் சொன்னார். முதுகு ஊதா, வயிறு ரோஸ், பூண்டு. பாதிப்பேர் அப்போதே ஆர்டர் போட்டார்கள். நான் படத்தை மாமியாரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கழுத்தைச் சுத்தி வலைத்தடம் தெரியுது பாருங்க. கண்ணும் வெளுத்துப்போச்சு, ஐஸ்ல கிடந்திருக்கு. காசிமேட்டு மீனு மாப்ள இது."

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், மறுபடி வாங்கி இன்னொருதரம் பார்த்தார்.

"ஆனா நல்ல மீனுதான். எந்த ரப்பர்னு கேக்காதீங்க, கிலோ என்ன விலைன்னு கேளுங்க."