உதட்டுப் புண்ணுக்கு இரண்டு வாரக் கெடு

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை உதடு பற்றியவை மட்டும்.

மார்கழி, தை வந்தால் உதடு வெடித்து இரத்தம் வருகிறது. என்ன பூசலாம்?
– கொழுந்து பறிக்கும் தாய், டிரேட்டன்

தேங்காய் எண்ணெய், நெய், வாஸ்லின் இவற்றில் எது வீட்டில் இருக்கிறதோ அது போதும். மலைக்குப் போகுமுன் ஒரு தடவை, தேத்தண்ணி குடித்து வாயைத் துடைத்ததும் ஒரு தடவை, படுக்கும்போது தாராளமாக ஒரு தடவை. மற்றத் தோலுக்கு உடம்பே எண்ணெய் சுரந்து கொடுக்கிறது. உதட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பனிக்காற்று முதலில் அதைப் பிடிக்கிறது. உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள். தேசிக்காயும் சீனியும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உதட்டைச் சுற்றிக் கறுத்த வளையம். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள். தொற்றுமா?
– பயிற்சி ஆசிரியை, பத்தனை

தொற்றாது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நாக்கு எட்டும் தூரத்துக்குத்தான் வளையம் இருக்கும். உதடு காய்ந்ததும் நக்குகிறது. எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகிறது. மறுபடி நக்குகிறது. அதட்டினால் பழக்கம் கூடும். அடிக்கடி தண்ணீர் குடிக்க விடுங்கள், வாஸ்லின் பூசச் சொல்லி வீட்டாரிடம் பேசுங்கள். நீங்களே அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். வளையத்தின்மேல் மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால் மட்டும் கிருமி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது பரவும், ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

இரண்டு கடைவாயும் வெடித்து எரிகிறது. விட்டமின் குளிசை வாங்கலாமா?
– வாசகி, ரொசிட்டா

முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, பி விட்டமின் குறைவு, சீனி வருத்தம், பொருந்தாத பல்செட் என்று காரணம் பல. எச்சில் தேங்கும் மூலையில் பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் அதற்குத் தனிக் களிம்பு வேண்டும்.

காரணம் இரும்புச்சத்துக் குறைவு என்றால், நாம் பறிக்கும் தேயிலையையும் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடும் நாளில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு கொய்யா சாப்பிடுங்கள். இரும்பு நன்றாகச் சேரும்.

காய்ச்சல் வந்தால் உதட்டில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பல்லி எச்சம் என்கிறார் பாட்டி.
– உயர்தர மாணவன், கொட்டகலை

பல்லிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தம்பி. இது ஹெர்பீஸ் என்ற வைரஸ். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் உடம்பில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நரம்பில் ஒளிந்திருந்து, காய்ச்சல், கடும் வெயில், தூக்கக் குறைவு வரும்போது தலைகாட்டும். பத்து நாள் அளவில் தானாகவே ஆறும். குறுகுறுப்புத் தொடங்கியவுடன் டொக்டரிடம் கேட்டு அசைக்ளோவிர் எடுத்தால் சீக்கிரம் அடங்கும். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதே. ஆறும்வரை பச்சைக் குழந்தையை முத்தமிடாதே; பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்து.

குளவி கொட்டியது கையில், வீங்கியது உதடு. ஏன்?
– தொழிலாளி, ஸ்டோனிகிளிப்

உடம்பு முழுவதும் ஒவ்வாமை பரவியதன் அடையாளம் அது. உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கினால் அடுத்தது தொண்டை. சுண்ணாம்பு பூசி நேரம் கடத்தாமல் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். ஆளை நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவையுங்கள். ஒரு தடவை இப்படி வந்தால் அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரலாம். உங்கள் கங்காணிக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

குளிருக்கு வெற்றிலை இல்லாமல் மலையில் நிற்க முடியாது. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லைதானே?
– ஓய்வு பெற்ற தொழிலாளி, கொட்டகலை

இல்லை, அம்மா. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியிருக்கிறது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பெண்களும் இதற்குத் தப்பவில்லை.

வெற்றிலைச் சிவப்பு ஆரம்ப மாற்றங்களை மறைத்துவிடும். ஆகவே மாதம் ஒரு காலை, வெற்றிலை போடுமுன், வாயை நன்றாகக் கொப்பளித்து வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கீழுதட்டை விரலால் மடித்துப் பாருங்கள், பிறகு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, விரலில் தட்டுப்படும் கட்டி, மிளகாய் பட்டால் தாங்காத எரிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள். மூன்று விரலை மேல்கீழாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாவிட்டாலும் அப்படித்தான். பாக்கினால் உள்தோல் இறுகியிருக்கலாம்.

ஒரேயடியாக விட முடியாதென்றால், கொடுப்பில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றிரவே விடுங்கள். அடுத்துப் புகையிலை, அதன்பின் பாக்கு. மலையில் வாய்க்கு ஒரு துண்டு இஞ்சியோ கறுவாவோ போதும்.

அப்பாவின் கீழுதடு வெளிறி, செதில் செதிலாக உரிகிறது, மாதக்கணக்கில் ஆறவில்லை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் டொக்டர். கத்தி பட்டால் பரவுமாமே?
– மகன், ஹட்டன்

கத்தியால் பரவாது; காலதாமதத்தால்தான் பரவும். அந்தத் துணுக்குச் சோதனை இல்லாமல் எது புற்று, எது சாதாரணப் புண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். கீழுதடு வெயிலை நேராக வாங்கும் இடம். நாலாயிரம் அடி உயரத்தில் குளிர் தெரிவதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. ஆனால் மலை உயர உயரப் புறஊதாக் கதிர் கூடுகிறது, மேகத்தையும் ஊடுருவுகிறது. அகன்ற தொப்பி வாங்கிக் கொடுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சோதனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போகிறது. எந்தப் புண்ணுக்குப் போவது, எதற்குப் போகாமலிருப்பது?
– தொழிலாளி, கொட்டகலை

நியாயமான கேள்வி. இரண்டு வாரம் கெடு வையுங்கள். குளிர் வெடிப்பு, காய்ச்சல் கொப்புளம், பல் பட்ட காயம் எல்லாம் அதற்குள் ஆறும். ஆறாத புண், போகாத திட்டு, கரையாத கட்டி எதுவானாலும் பதினைந்தாம் நாள் காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கொட்டகலை ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். அவர்கள் கடிதம் தந்தால் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ போகலாம். அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்.

தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறாத வாய்ப்புண்ணோடு வரும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு அந்த ஒரு நாளைக் கொடுங்கள். ஆரம்பத்தில் பிடித்த புற்று பெரும்பாலும் சிறிய அறுவையோடு முடியும். முற்றினால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டிவரும். அத்தனை நாள் சம்பளத்தையும் அப்போது யாராலும் ஈடுசெய்ய முடியாது.