அம்மாவுக்குத்தான் அனுமதிப்பத்திரம்

கலகெதரவில் ஆட்டோ ஓட்ட நினைப்பவரிடம் அரசாங்கம் மகா கண்டிப்பு. சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருஷா வருஷம் புகைச் சான்றிதழ். வடை சுட்டு விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து எண்ணெய்ச் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். நாய் வளர்த்தால் அதையும் பதிய வேண்டும். வெள்ளைக்காரன் 1901இலேயே சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பிள்ளைகளா? குருநாகல் வீதியோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். மதிலில் ஒரு யானை, இரண்டு முயல். 'டே கெயார்' என்று ஒரு பலகை. கடை திறந்தாயிற்று. ஓர் ஆயாம்மாவுக்கு எத்தனை கைக்குழந்தை, தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று கேட்டு, சரியில்லாவிட்டால் பூட்டுப் போட, நாடு முழுவதற்கும் ஒரே உரிமச் சட்டம் கிடையாது. வழிகாட்டல்கள் உண்டு. அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

பொறுப்பாளிகளுக்குப் பஞ்சமில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் முன்பள்ளி மேற்பார்வையை மாகாணத்திடம் கொடுத்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. சிறுவர் செயலகம் தனி. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை அழுதால் தூக்கத்தான் ஆளில்லை. தோட்டத்துத் துரைமார் பரவாயில்லை, தொழிலாளரின் குழந்தைகளைப் பார்க்கப் பிள்ளைக் காம்பராவாவது வைத்தார்கள். பாசத்திலல்ல, கொழுந்து நிறுவை குறையக் கூடாதே!

ஆனாலும் அரசுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2013இல் என்ன கரிசனம்! ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக் கூடாது. மூத்த பிள்ளைகள் என்றாலும் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். நீ போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அதிகாரிகள் கேட்டார்கள், எழுதினார்கள், முத்திரை குத்தினார்கள். அப்பன் டோஹாவுக்கு விமானம் ஏறும்போது இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. உள்ளூரில் வேலைக்குப் போகும் தாய், பிள்ளையை விட்டுப்போகும் அந்த வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. அனுமதிப்பத்திரம் அம்மாவுக்கு மட்டும்.

2022இல் டொலர் தீர்ந்தது. நாடே பெற்றோல் வரிசையில் நின்றது. அந்த ஜூன் மாதம் அமைச்சரவை அந்த ஐந்து வயது வரம்பை இரண்டாக்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மா தேவையா இல்லையா என்பதை எந்த வைத்தியரும் தீர்மானிக்கவில்லை. மத்திய வங்கியின் கையிருப்பு தீர்மானித்தது. வெட்கம் என்று ஒரு சாமான் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

எனக்கொரு யோசனை. புதுச் சட்டம், புதுக் குழு, குழுவை ஆராய இன்னொரு குழு எதுவும் வேண்டாம். பிள்ளை பராமரிப்பு நிலையங்களை மதுவரித் திணைக்களத்திடம் கொடுத்துவிடுங்கள். 1912இலிருந்து சட்டம் இருக்கிறது. எங்கே திறக்கலாம், எத்தனை மணிக்கு மூட வேண்டும் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2024இல் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுத்தார்கள். டிசம்பரில் அவற்றின் பட்டியல் பாராளுமன்றத்துக்கே வந்தது. பால்போத்தலோடு பிள்ளைகள் கிடக்கும் வீடுகளின் பட்டியல் எந்தச் சபைக்கு வந்தது?

படிவத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 'பானத்தின் வகை' என்று கேட்டால் 'பால்' என்று எழுதிக்கொள்ளலாம்.