கன்னியாகுமரிக்குப் பைக்கில்

கேள்வி: முதன்முறையாக கோவையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பைக்கில் போகப் போறேனுங்க. ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் கேமரா வாங்கியாச்சு. வேறென்ன வேணும்?
– வாசகர், பீளமேடு

பதில்: பைக் இருக்கிறதல்லவா? பட்டியலில் காணோமே!

நம்ம ஊர் ஜி.டி.நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவர். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். செயின் தளர்ச்சி பார்க்கவும், ஸ்பார்க் பிளக் கழற்றி மாட்டவும் தெரிந்தால் போதும். டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் சூடேறாதபோதே பாருங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று உபரியாக இருக்கட்டும். அது அறுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுக்கும்.

ஒத்திகைக்கு ஒருநாள் வால்பாறை போய் வாருங்கள். இ-பாஸ் விதியைப் பார்த்துக்கொண்டு ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டும் கொங்குச் சிக்கனம் அங்கே ஆகாது. முழு பாரத்தையும் பிரேக் தாங்க வேண்டி வரும். சூடேறினால் அது பிடிக்காது. இறங்கி முடித்ததும் இடுப்பு என்ன சொல்கிறதோ, அதை வைத்து குமரிப் பயணத்தை ஒரு நாளிலா, இரண்டு நாளிலா என்று முடிவு செய்யுங்கள்.

ஆடியில் கிளம்பினால் முப்பந்தலில் கவனம். அங்கே காற்றாலைகளை நட்டது அழகுக்கல்ல. பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள்.

பின்னால் உட்காரும் நண்பருக்கும் ஹெல்மெட் உண்டா? சட்டப்படி கட்டாயம். கேமராவை விற்றாவது வாங்குங்கள்.