முகாமில் அரசு தோன்றிய வரலாறு: ரக்கூன் கோட்பாடு

மனிதன் ஏன் அரசாங்கம் என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டான் என்பதற்கு அறிஞர்கள் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இரவு பதினொரு மணிக்கு ஆற்றங்கரைக் கூடாரத்தில் படுத்துக்கொண்டு, வெளியே புளியோதரை டப்பா திறக்கப்படும் சத்தத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டுக்குத் தெற்கே, வில்லாமெட் ஆற்றங்கரையில் இருக்கும் ஷம்பூயி பூங்கா. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'சாம்போயெக்' என்றுதான் வரும். உள்ளூர்க்காரர்களோ ஷாம்பூவோடு ஒரு 'யி'யைச் சேர்த்தாற்போலச் சொல்கிறார்கள். கலப்பூயா பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம் இது. பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே. தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதைப் பார்த்த நமக்கு இந்த எழுத்துக் குழப்பம் புதிதல்ல.

ஆய்வுக்குழு இரண்டு குடும்பம், எட்டுப் பேர். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான் என்பது பூங்காவின் விதி. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த என் பெரியப்பா எட்டாமவர். இடம் பிடிக்க ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும் என்பதால், அவருக்கு விசா கிடைக்குமுன்பே கூடாரத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இனி கருதுகோள். நாலுகால் பிராணியிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்ற நினைக்கும்போதுதான் அரசு பிறக்கிறது. இது இவ்வாய்வாளரின் கற்பனையல்ல. ஆரிகனின் முதல் அரசே அப்படித்தான் பிறந்தது, அதுவும் இதே ஆற்றங்கரையில்.

1840களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி யாருக்குச் சொந்தம் என்று முடிவாகவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் 1818 ஒப்பந்தப்படி கூட்டாக வைத்திருந்தன. அதாவது இரண்டுமே கண்டுகொள்ளவில்லை. ஹட்சன் பே கம்பெனிக்குப் பொறிவைத்து விலங்கு பிடித்துக் கொடுத்து ஓய்ந்த பிரெஞ்சு கனடியர்கள் இங்கே கோதுமை போட்டார்கள். அமெரிக்கர்களும் வந்து சேர்ந்தார்கள். சட்டம் இல்லை, வரி இல்லை, யாருக்கும் பெரிய குறையுமில்லை. 1841 பிப்ரவரியில் ஈவிங் யங் செத்துப்போனார். பெரிய மாட்டுப்பண்ணைக்காரர், உயில் எழுதவில்லை, அக்கம்பக்கத்தில் வாரிசு என்று யாருமில்லை. மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போவது? அதைத் தீர்க்க ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக முதலில் வந்தது வாரிசில்லாச் சொத்து.

எங்கள் முகாமிலும் அதே வரிசை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நாங்கள் போய் இறங்கியபோது, இரும்பு வளையமிட்ட அடுப்பின் ஓரத்தில் முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன அரைக்கட்டு விறகு கிடந்தது. எங்கள் வீட்டுப் பையன் முதலில் பார்த்தான். நண்பர் வீட்டுப் பெண் முதலில் தொட்டாள். வழக்கு அரைமணி நேரம் நடந்தது. நண்பரின் மனைவி நீதிபதியாகி, "அடுப்பு ஒண்ணுதானே, யாரு எடுத்துப் போட்டா என்ன?" என்று தீர்ப்பளித்தார். பொதுவுடைமை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் விளக்கப்படவில்லை.

இரண்டாவதாக வந்தது ஓநாய். 1843 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் குடியேறிகள் கூடிப் பேசியதை வரலாறு 'ஓநாய்க் கூட்டங்கள்' என்றே குறிக்கிறது. கால்நடைகளைத் தின்னும் விலங்குகளுக்கு விலை வைத்தார்கள்: சிறிய ஓநாய்க்கு 50 சென்ட், பெரியதற்கு 3 டாலர், கரடிக்கு 2, மலைச்சிங்கத்துக்கு 5. கரடியைவிட ஓநாய்க்கு ஏன் ஒரு டாலர் கூடுதல் என்பது மேலாய்வுக்குரியது. சன்மானம் கொடுக்கப் பணம் வேண்டும், பணம் வசூலிக்க ஆள் வேண்டும், ஆளை நம்பக் கணக்கு வேண்டும். ஓநாயின் வாலைப் பிடித்துக்கொண்டே அரசாங்கம் உள்ளே நுழைந்துவிட்டது.

எங்கள் ஓநாய் ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை; சினிமாத் திருடன்கூட இவ்வளவு வெளிப்படையாக வேஷம் போடுவதில்லை. இருட்டும் நேரத்தில் மேசைமேலிருந்த ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, ஓடாமல், நடந்தே போனது. உடனே சட்டசபை கூடியது. தீர்மானம்: தின்பண்டம் அனைத்தையும் வண்டிக்குள் பூட்டுவது, வாசனைக்கு வராதபடி படுக்குமுன் பாத்திரங்களைக் கழுவுவது, அதற்கு முறை வைப்பது.

மே 2, 1843 அன்று இதே இடத்தில் நடந்த வாக்கெடுப்பில் 52க்கு 50 என்று அரசு வென்றதாகச் சொல்வார்கள். ஜோ மீக் என்ற மலைவேட்டைக்காரர் குரல் கொடுக்க, ஆதரிப்பவர்கள் ஒரு பக்கம் போய் நின்றார்களாம். எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. கடைசியில் ஆதரவுப் பக்கம் போன இரு கனடியர்கள் எத்தியேன் லூசியேயும், வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிரான்சுவா மத்தியூவும். அமெரிக்கச் சட்டம் வந்தால் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வரி போடுவார்கள் என்று லூசியே பயந்ததாகவும், மத்தியூ பேசித் தெளிவித்ததாகவும் ஒரு கதை. அரசியல் தத்துவத்தில் இந்த ஜன்னல் பயத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

எங்கள் தீர்மானமும் வாக்கெடுப்புக்கு வந்தது. எங்களில் ஒருத்தி தூங்கிவிட்டாள். மீதி ஏழில் மூன்றுக்கு மூன்று. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம்.

"என்ன பெரியப்பா, எந்தப் பக்கம்?"

"கவர்மெண்டுன்னு ஒண்ணு வந்துட்டா, பாத்திரம் தேய்க்க எனக்கும் முறை வச்சிருவீங்கல்லடா?"

"வயசானவங்களுக்கு விலக்கு உண்டு பெரியப்பா."

"எழுதிக் குடு."

பேப்பர் தட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். நாலுக்கு மூன்று. ஆரிகனில் ஆதரித்தவர்களின் பெயர்களை 1901ல் ஒரு கல்லில் வெட்டி வைத்தார்கள். அது இன்றும் பூங்காவில் நிற்கிறது. எதிர்த்தவர்களுக்குக் கல் இல்லை. எங்கள் தட்டும் நிலைத்திருக்கும். அதைப் பெரியப்பா பெட்டிக்குள் வைத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்துதான் அரசியலமைப்பின் ஓட்டை வெளிப்பட்டது. 1843ன் குடியேறிகள் ஒரே தலைவர் என்றால் அதிகாரம் தலைக்கேறும் என்று பயந்து, மூவர் கொண்ட நிர்வாகக் குழு அமைத்தார்கள். தெரியாமலேயே நாங்களும் அதையே செய்தோம்: வண்டியைப் பூட்ட நான், நண்பர், அவர் மனைவி. மூவரும் மற்ற இருவர் புளியோதரையை எடுத்து வைத்திருப்பார்கள் என்று முழுமனதாக நம்பினோம். ஆரிகன் 1845ல் ஒரே ஆளுநர் முறைக்கு மாறிவிட்டது. நாங்கள் பதினொரு மணிக்கு, மூடி கழலும் அந்தச் சத்தத்தில், மாற வேண்டியதை உணர்ந்தோம். ரக்கூன் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றிருந்தது. சோற்றை விட்டுவிட்டதில் என் மனைவிக்கு இன்றுவரை வருத்தம்.

மூன்று மணிக்கு மழை. இரவு பத்து முதல் காலை ஏழு வரை அமைதி காக்க வேண்டும் என்ற பூங்கா விதியை எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மீறினோம். பள்ளத்தில் கூடாரம் அடித்தது என் முடிவு என்று அரசு ஒருமனதாக அறிவித்தது. 1861 டிசம்பரில் வில்லாமெட் வழக்கத்தைவிட 55 அடி உயர்ந்து, அப்போது இங்கிருந்த ஷம்பூயி ஊரையே வாரிக்கொண்டு போனது. மேட்டில் இருந்த ராபர்ட் நியூவெல் என்பவரின் வீடு தப்பியது. வீடிழந்தவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். எங்கள் நியூவெல், மேட்டில் நிறுத்தியிருந்த மினி வேன். அரசாங்கம் முழுவதும் அதற்குள் உட்கார்ந்து விடியும்வரை தும்மியது.

காலையில் பழைய ஊர் இருந்த புல்வெளிக்குப் போனோம். தெருக்கள் கூடுமிடத்தில் பெயர் எழுதிய கம்பங்கள் நிற்கின்றன, தெருக்களைத்தான் காணோம். பெரியப்பா ஒரு கம்பத்தடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குறுக்கே நடந்தார்.

கூடாரத்தைக் கழற்றியபோது ஈரத்தில் முளைக்குச்சிகள் தாமாகவே வந்துவிட்டன. விறகில் நாலு கட்டை நனைந்து எரியாமல் மிச்சம். வண்டியில் ஏற்றவா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று பெரியப்பாவே அவற்றை அடுக்கி அடுப்போரம் வைத்தார். மாலை நாலு மணிக்கு அடுத்த குடும்பம் வந்து இறங்கும்; அதில் குறைந்தது இரண்டு பிள்ளைகளாவது இருக்கும்.